லைசென்ஸ் இல்லாத மாத்திரை

“தம்பி, விலையைக் கேட்டுப் பயப்பிடாதேங்கோ” என்று ஆரம்பித்தார் பார்மசி அக்கா.

வடமேற்கு லண்டனில் எங்கள் தெருமுனைக் கடை அது. அக்காவுக்கு ஊர் யாழ்ப்பாணம். என் மகன் பிறந்ததிலிருந்து அவனுக்கு இருமல், காய்ச்சல் என்று எது வந்தாலும் முதலில் ஓடுவது அவரிடம்தான். அன்றைக்கு நான் நீட்டியது தோல் மருத்துவர் எழுதிக்கொடுத்த தனியார் சீட்டு. கிளைகோபைரோனியம் புரோமைடு, ஒரு மில்லிகிராம், நாளைக்கு இரண்டு. அக்கா அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்தார்.

“இது இங்க ஸ்டொக்கில கிடக்கிற மருந்தில்லை. வெளிநாட்டில இருந்து எடுப்பிக்க வேணும். முப்பது குளிசைக்கு நூறு பவுண்சைத் தாண்டுது. உங்களுக்கு மாசம் ரெண்டு பெட்டி வேணும், என்ன?”

மாதம் இருநூறுக்கு மேல் என்றால் வருஷத்துக்கு இரண்டாயிரத்து நானூறு பவுண்டுக்குக் குறையாது. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், பெருக்கல் தானாக வந்து விழுந்தது. எதற்கு இவ்வளவு செலவு? கை வேர்க்காமல் இருப்பதற்கு.

சீட்டை நான் பிடித்திருந்த மூலை ஊறிக் கசங்கியிருந்தது. அக்கா அந்த மூலையைத் தொடாமல், நடுவில் பிடித்துத் திருப்பித் தந்தார். பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பதும் ஒரு மரியாதைதான்.

கை வேர்ப்பது என்று சொன்னால் பலருக்குப் புரிவதில்லை. மே மாதத் திருச்சி டவுன் பஸ்ஸில் எல்லோருக்கும் வருகிற கசகசப்பை நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஜனவரிக் குளிரில், சும்மா சோபாவில் சாய்ந்து டிவி பார்க்கும்போதும் வரும். உள்ளங்கை ரேகைகளில் முதலில் லேசான மினுமினுப்பு. அப்புறம் குண்டூசித் தலை அளவில் முத்துமுத்தாக அரும்பும். கொஞ்ச நேரத்தில் அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மணிக்கட்டுப் பக்கம் வழியும். கையைத் தூக்கினால் முழங்கையில் சொட்டும். காலிலும் இதே கதை. செருப்புப் போட்டு நடந்தால் வழுக்கும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அம்மா மூன்று கைக்குட்டை கொடுத்து அனுப்புவார். விடைத்தாளுக்கும் கைக்கும் நடுவில் ஒன்று, மற்ற இரண்டும் பையில். கைக்குட்டையை நாலாக மடிக்க வேண்டும். மேல் மடிப்பு நனைந்ததும் புரட்டிக்கொள்ளலாம், அதுவும் நனைந்தால் உள்ளே இருப்பதை வெளியே திருப்பிக்கொள்ளலாம். கணக்குத் தேர்வன்று மேற்பார்வைக்கு வந்த ஒரு டீச்சருக்கு நான் அடிக்கடி கைக்குட்டையைத் திருப்புவது சந்தேகமாகப் பட்டிருக்கிறது. வந்து எடுத்துப் பிரித்தார். பிட் எதுவும் இல்லை, ஈரம்தான் இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு மேஜையில் போட்டுவிட்டுத் தன் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தார். முப்பது வருஷம் ஆகிறது. அந்தத் துடைப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பாட்டி “பயந்தாங்கொள்ளிக்குத்தான் கை வேர்க்கும்” என்பார். பாட்டியின் சொந்த மகன், என் மாமா, வாழ்நாள் முழுக்க யாருக்கும் கை கொடுக்காமல் கும்பிடு போட்டே காலத்தை ஓட்டியவர். வணக்கம் என்ற வழக்கத்தைக் கண்டுபிடித்தவர் ஓர் ஈரக்கைக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஆராய்ச்சி முடிவு. இங்கிலாந்தில் அந்த வசதி இல்லை. இண்டர்வியூவுக்குப் போனால் கதவைத் திறந்ததும் முதலில் நீளுவது எதிராளியின் கைதான்.

மருத்துவத்தில் இதற்கு ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்று பெயர். நூறு பேரில் ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு இருக்கும் என்கிறார்கள். பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும். குடும்பத்தில் ஓடும். வியர்வைச் சுரப்பிகளில் கோளாறு ஒன்றும் கிடையாது. நரம்பு அவற்றுக்கு அனுப்பும் உத்தரவுதான் அளவு மீறி வருகிறது. அந்த உத்தரவைக் கொண்டுசெல்கிற ரசாயனத்தின் பெயர் அசிட்டைல்கோலின். சுரப்பியின் மேல் பூட்டுத் துவாரம் மாதிரி ஓர் இடம் இருக்கிறது. அதில் அசிட்டைல்கோலின் சாவி நுழைந்தால் வியர்வை கொட்டும். கிளைகோபைரோனியம், ஆக்சிபியூட்டினின், புரோபாந்தலின் ஆகிய மாத்திரைகள் செய்வதெல்லாம் அந்தத் துவாரத்தில் தாங்கள் போய் உட்கார்ந்துகொள்வதுதான். சாவிக்கு இடம் இருக்காது.

வில்லங்கம் என்னவென்றால், இதே பூட்டு எச்சில் சுரப்பியிலும் இருக்கிறது. கண்ணில், குடலில், சிறுநீர்ப்பையில், இதயத்தில் என்று உடம்பு முழுக்க இருக்கிறது. வயிற்றுக்குள் போன மாத்திரைக்கு உள்ளங்கை எது, நாக்கு எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

மாத்திரைக்கு முன்னால் ஏற வேண்டிய படிகளை எல்லாம் ஏறித்தான் வந்தேன். இருபது சதவீத அலுமினியம் குளோரைடு திரவம். ராத்திரி தடவிக்கொண்டு படுத்தால், கையில் மிளகாய் அரைத்த மாதிரி எரிச்சல். அப்புறம் அயன்டோஃபோரெசிஸ். இரண்டு தட்டில் குழாய்த் தண்ணீர் ஊற்றி, அதில் கையை வைத்து, லேசான மின்சாரம் விடுவது. மருத்துவமனையில் நாலு வாரத்தில் ஏழு தடவை செய்தார்கள். நன்றாகவே கேட்டது. ஆனால் நிறுத்தினால் இரண்டு மூன்று வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. வீட்டுக்கே ஒரு மிஷின் வாங்கினேன், அதற்குச் சில நூறு பவுண்ட் தனி. வாரத்துக்கு இரண்டு ராத்திரி, மனைவி “ஆரம்பிச்சாச்சா உங்க மின்சாரக் குளியல்” என்று கேட்டுவிட்டு மேலே போய்விடுவாள். கை நிறைய போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள் என்று கேட்டதுமே வேண்டாம் என்றுவிட்டேன். நெஞ்சுக்குள் போய் நரம்பை வெட்டுகிற ஆபரேஷனும் உண்டு. கை உலர்ந்துவிடும். பலருக்கு அந்த வியர்வை முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் இடம் மாறிக் கிளம்பும். வெட்டியதை ஒட்டவைக்க முடியாது. அதற்கு எனக்குத் துணிவு வரவில்லை.

சரி, மாத்திரைக்கு வருவோம்.

இந்த மாத்திரைக்கு இங்கே லைசென்ஸ் இல்லை என்ற விஷயத்தை அம்மாவிடம் போனில் சொன்னபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “லைசென்ஸ் இல்லாத மருந்தா? ஏன்டா, ஸ்கூட்டர் ஓட்டவே லைசென்ஸ் கேக்குறானே, வாயில போடுறதுக்கு வேணாமா? திருட்டு மருந்தா அது?”

திருட்டு மருந்தும் இல்லை, போலி மருந்தும் இல்லை. இந்த ‘லைசென்ஸ் இல்லாத’ என்ற சொல்லுக்குள் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, இந்த நாட்டில் வேறொரு நோய்க்காக உரிமம் வாங்கி விற்கப்படும் மருந்தை, உரிமத்தில் எழுதாத நோய்க்குக் கொடுப்பது. இன்னொன்று, அந்த மருந்துக்கு இந்த நாட்டில் உரிமமே இல்லாதபோது, ஒரு நோயாளிக்காகத் தனியாகத் தயாரிப்பது அல்லது வெளிநாட்டிலிருந்து தருவிப்பது. இந்த இரண்டாவதைத்தான் பார்மசிக்காரர்கள் ‘ஸ்பெஷல்’ என்கிறார்கள். இதற்கெல்லாம் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் மனித மருந்துகள் விதிமுறைகளில் 167-வது விதி, ‘இந்த நோயாளிக்கு இது தேவை’ என்று மருத்துவர் தன் பொறுப்பில் எழுதினால் உரிமம் இல்லாத மருந்தைக் கொடுக்கலாம் என்கிறது. இறக்குமதி செய்கிறவர் இருபத்தெட்டு நாளுக்கு முன்பே மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.ஹெச்.ஆர்.ஏ.வுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் வராது.

இந்த உரிமக் கெடுபிடிகளை வெறும் அரசாங்கச் சிவப்பு நாடா என்று நான் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகளின் மசக்கைக்குக் கொடுத்த தாலிடோமைடு 1961 கடைசியில் சந்தையிலிருந்து எடுக்கப்படுவதற்குள் இந்த நாட்டிலேயே எத்தனையோ குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்துவிட்டன. அந்த அடிக்குப் பிறகுதான் 1968-இல் மருந்துச் சட்டமே வந்தது. உரிமம் என்பது யாரோ சோதித்துப் பார்த்தார்கள், ஏதாவது ஆனால் பதில் சொல்ல ஆள் இருக்கிறது என்பதற்கான அத்தாட்சி. அது இல்லாத இடத்தில் பதில் சொல்கிற ஆளாக மாறுவது சீட்டு எழுதும் மருத்துவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

என் எரிச்சல் வேறு இடத்தில். இந்த மாத்திரைகள் நேற்று முளைத்தவை அல்ல. அதிக வியர்வைக்கும் சேர்த்துப் பிரிட்டனில் உரிமம் வாங்கிய மாத்திரை புரோபாந்தலின் ஒன்றுதான். அது 1950-களின் சரக்கு. நான் அதையும் சாப்பிட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, நாளைக்கு மூன்று வேளை, படுக்கும்போது இரண்டாக. அலாரம் வைத்து விழுங்கினேன். நாக்கு காய்ந்ததே தவிர கை காயவில்லை. பலருக்கு அது கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கிளைகோபைரோனியமும் கிழவன்தான். அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது 1961-இல், வயிற்றுப் புண்ணுக்காக. அந்தக் காலத்தில் வயிற்றில் அமிலம் சுரப்பதைக் குறைக்க இந்த வகை மருந்துகளைத்தான் கொடுத்தார்கள். 1976-இல் சிமெடிடின் என்ற புது அமிலக் குறைப்பு மருந்து வந்தது. எண்பதுகளின் கடைசியில் அதே வேலைக்கு ஒமெப்ரசோல் வந்தது. நடுவில் ஆஸ்திரேலியாவில் வாரனும் மார்ஷலும் வயிற்றுப் புண்ணுக்குப் பின்னால் ஒரு கிருமி இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதற்கு 2005-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். வயிற்றுப் புண்ணுக்குக் கிளைகோபைரோனியம் கொடுக்கிற வழக்கம் கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? பிறகு பிரிட்டனில் இந்த மாத்திரை உரிமத்தோடு வந்தபோது, பெட்டிக்குள் இருந்த தாளில் நோய் என்ற இடத்தில் இருந்தது வயிற்றுப் புண். யாரும் எதற்குத் தேடுவதில்லையோ அதற்கு லைசென்ஸ் இருக்கிறது. நான் எதற்காகக் கடை வாசலில் நிற்கிறேனோ அதற்கு இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டால் பதில் ஒரு கணக்கனுக்குச் சுலபமாகப் புரியும். புதிய நோய்க்கு உரிமம் வாங்க வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான பேரை வைத்துச் சோதனை நடத்திக் காட்ட வேண்டும். ஏகப்பட்ட பணம் பிடிக்கும். மாத்திரையின் காப்புரிமை எப்போதோ காலாவதி. ஒருவன் செலவு செய்து உரிமம் வாங்கினாலும், நாளைக்கே அடுத்தவன் அதே மாத்திரையைப் பாதி விலைக்கு விற்கலாம். அப்புறம் எவன் முதல் போடுவான்?

போட்டவர்களும் இருக்கிறார்கள், மாத்திரையில் அல்ல. அமெரிக்காவில் 2018-இல் அக்குள் வியர்வைக்கு ஒரு மருந்துத் துணிக்கு அனுமதி கிடைத்தது. ஈரத் துணி மாதிரி ஒன்று, நாளைக்கு ஒருதரம் துடைத்துக்கொள்ள வேண்டும். அதில் ஊறியிருப்பது கிளைகோபைரோனியமேதான், புரோமைடு உப்புக்குப் பதில் வேறு உப்பு. ஒரு மாதத்துப் பெட்டிக்கு அறிவித்த விலை ஐந்நூறு டாலருக்கு மேல். ஜப்பானில் 2023-இல் உள்ளங்கை வியர்வைக்கென்றே ஆக்சிபியூட்டினின் லோஷனுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆக்சிபியூட்டினின் 1970-களிலிருந்து சிறுநீர்ப்பைக்காக மாத்திரையாகப் புழக்கத்தில் இருப்பது. தோலில் தடவினால் உடம்பெல்லாம் பரவுவது குறையும் என்பது நியாயமான லாபம், மறுக்கவில்லை. இருந்தாலும் பழைய மருந்து புதுச் சட்டை போட்டால்தான் லைசென்ஸ் ஆபீஸ் வாசலுக்கே அழைத்துப்போக ஆள் கிடைக்கிறது.

ஆக என் நூறு பவுண்டில் மருந்துக்கு எவ்வளவு? பெட்டியைத் திறந்து பார்த்தால் வெள்ளை மாத்திரை, மிளகை விடக் கொஞ்சம் பெரிது. அதில் ஒரு மில்லிகிராம் மருந்து, மீதி மாவு. அமெரிக்க மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் சரக்கு. அதை ஒருவர் வாங்கி, இன்னொருவர் இறக்குமதிக்கு எழுதிப்போட்டு, காத்திருந்து, கொஞ்சமே கொஞ்சம் தருவித்து, கூரியரில் அனுப்பி, கடைக்கு வந்து சேருகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு பில். உரிமம் உள்ள சாதாரண மருந்துகளுக்கு இங்கத்து அரசாங்க மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். மாதாமாதம் விலைப்பட்டியல் போடுகிறது. ஸ்பெஷல்களுக்கு ரொம்ப நாள் அப்படி எதுவும் கிடையாது, பில்லில் போட்டதுதான் விலை. 2011 நவம்பரில்தான் அதிகம் புழங்கும் சில ஸ்பெஷல்களுக்குப் பட்டியல் வந்தது.

உரிமம் இருந்தாலே விலை இறங்கிவிடும் என்றும் நம்பிவிடக் கூடாது. தைராய்டுக்கான லியோதைரோனின் மாத்திரை இங்கே உரிமம் பெற்ற பழைய மருந்துதான். விற்றது ஒரே கம்பெனி. 2009-இல் ஒரு பெட்டி 20 பவுண்ட், 2017-இல் 248 பவுண்ட். போட்டி ஆணையம் விசாரித்து 2021-இல் அபராதம் போட்டது. என் மாத்திரையில் அப்படி நடந்தது என்று சொல்ல வரவில்லை. பழைய மருந்து, ஒன்றிரண்டு விற்பனையாளர்கள், வேறு போக்கிடம் இல்லாத நோயாளிகள் என்ற சேர்க்கை எங்கே இருந்தாலும் என் கை கொஞ்சம் கூடுதலாக வேர்க்கும், அவ்வளவுதான்.

“என்.ஹெச்.எஸ். இருக்கும்போது நீ ஏன் காசு கொடுக்கிறாய்?” என்று ஊரில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. என்.ஹெச்.எஸ். சீட்டாக இருந்தால் இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட் கட்டினால் போதும். அந்த மருந்தின் விலை நூறா, ஆயிரமா என்பது என் கவலை கிடையாது. வருஷத்துக்கு மொத்தமாக 114.50 கட்டிவிட்டால் எத்தனை மருந்து வேண்டுமானாலும் வாங்கலாம். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் அந்தக் காசும் கிடையாது.

மருத்துவமனைத் தோல் டாக்டர் முதலில் மூன்று மாதத்துக்குக் கிளைகோபைரோனியத்தை அங்கேயே கொடுத்தார். கை உலர்ந்தது. சட்டைப் பையில் கைக்குட்டை இல்லாமல் ரயில் ஏறிய முதல் நாள், எதையோ வீட்டில் மறந்துவிட்ட மாதிரி தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்புறம் “இனிமேல் உங்கள் ஜிபி எழுதித் தருவார்” என்று கடிதம் போட்டுவிட்டு என்னை அனுப்பிவிட்டார்கள். ஜிபி என்றால் நம் பகுதிக் குடும்ப டாக்டர். அவர் கடிதத்தைப் படித்தார். கம்ப்யூட்டரில் எதையோ தேடினார். ஒவ்வொரு வட்டாரத்திலும் மருந்துகளுக்குச் சிக்னல் விளக்கு மாதிரி நிறம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். பச்சை என்றால் ஜிபி எழுதலாம். மஞ்சள் என்றால் மருத்துவமனையும் ஜிபியும் பேசிவைத்துக்கொண்டு எழுதலாம். சிவப்பு என்றால் மருத்துவமனை மட்டும். எனக்குச் சிவப்பு விழுந்தது. பக்கத்து வட்டாரத்தில் வேறு நிறமாகவும் இருக்கலாம், எல்லாம் அந்தந்தக் குழு எடுக்கிற முடிவு.

“விலை ஒரு காரணம்தான், மறைக்கவில்லை” என்றார் ஜிபி. “அதை விடப் பெரிய விஷயம், இதில் கையெழுத்துப் போட்டால் பொறுப்பு என் தலையில். நான் இந்த மருந்தை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.”

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, வீடு வந்து சேருவதற்குள் போயும் விட்டது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர் கிடைப்பது லேசு இல்லை. கடிதம் மருத்துவமனைக்குத் திரும்பியது. அவர்கள் ‘உங்கள் கேஸ் முடிந்துவிட்டது, மறுபடி வரிசையில் வாருங்கள்’ என்றார்கள். அந்த இடைவெளியில்தான் நான் தனியார் தோல் மருத்துவரிடம் போய், அந்தச் சீட்டோடு அக்கா கடையில் நின்றது. அவருக்குக் கொடுத்த கன்சல்டிங் ஃபீஸை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஒரு ராத்திரி இணையத்தில் தேடினேன், பொய் சொல்வானேன். பாதி விலைக்கும் கீழே, சீட்டே கேட்காமல், எந்த நாடு என்று எழுதாத முகவரியிலிருந்து அனுப்புகிறோம் என்ற கடைகள் வரிசையாக வந்தன. கார்டு நம்பர் போடும் இடம் வரை போய்விட்டேன். அம்மா கேட்ட ‘திருட்டு மருந்து’ இதுதான். என் மாத்திரைக்கு உரிமம் இல்லாவிட்டாலும் அது எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்தக் கப்பலில் வந்தது, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்குத் தாள் இருக்கிறது. இந்தக் கடைகளில் அந்தத் தாள் கிடையாது. மூடிவிட்டுப் படுத்தேன்.

பிறகு ஒரு சித்திரையில், தங்கை மகள் காதுகுத்துக்குத் திருச்சி போனபோது தெரிந்த டாக்டர் ஒருவர் ஆக்சிபியூட்டினின் எழுதிக் கொடுத்தார். பிரேசிலில், சாவ் பாவ்லோவில், நரம்பு வெட்டும் ஆபரேஷன் செய்துகொண்டிருந்த சர்ஜன்களே ‘முதலில் இதைக் கொடுத்துப் பார்ப்போம்’ என்று உள்ளங்கை வியர்வைக்கு இதைச் சோதித்து, 2012-இல் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டு முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். கணிசமானவர்களுக்குக் குறைந்திருக்கிறது. தில்லைநகர் மெடிக்கலில் ஒரு மாதத்துக்கு நான் கொடுத்த காசில் லண்டன் ஸ்டேஷனில் ஒரு சாண்ட்விச்சும் காபியும் வாங்கலாம். வெற்றி வீரனாக வீட்டுக்கு வந்தேன்.

நாலாவது நாள், கோயிலில், மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எல்லோரும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள வேர்க்க விறுவிறுக்க நிற்கிறார்கள். நான் மட்டும் பொட்டு ஈரம் இல்லாமல் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நிற்கிறேன். வாழ்க்கையில் முதல் முறை. பெருமையாகக்கூட இருந்தது. பத்து நிமிஷத்தில் காதுக்குள் இரைச்சல். முகம் அடுப்புச் சட்டி மாதிரி கொதிக்கிறது, தொட்டால் காய்ந்த சூடு. தங்கை வீட்டுக்காரர்தான் பார்த்துவிட்டு, இழுத்துக்கொண்டு போய் மடப்பள்ளிக் குழாயடியில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். “மச்சான், உங்களுக்கு வேர்க்கவே இல்லையே” என்றார் பயந்துபோய். வேர்வைதான் உடம்பின் ஏர்கூலர், அதன் ஒயரை நான்தான் காசு கொடுத்துப் பிடுங்கியிருந்தேன். அன்றைக்கு நிறுத்திய மாத்திரையை லண்டன் திரும்பும் வரை தொடவில்லை. இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அக்கினி நட்சத்திரத்தில் ஊர்ப்பக்கம் போனால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கண்ணில் ஒருவகை நீரழுத்தம் உள்ளவர்கள், சிறுநீர் தடைப்படுகிறவர்கள் தொடவே கூடாது என்றும் சொல்கிறார்கள்.

ஆக்சிபியூட்டினினில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அது மூளைக்குள் போகும். கிளைகோபைரோனியத்தின் அமைப்பு வேறு, மூளையின் வேலியைச் சுலபமாகத் தாண்டாது. இவ்வகை மருந்துகளைப் பல வருஷம் சாப்பிட்ட முதியவர்களுக்கு மறதி நோய் கூடுதலாக வருகிறது என்று 2015-இலும் 2019-இலும் பெரிய ஆய்வுகள் வந்தன. மருந்துதான் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை, ஆனாலும் நான் இப்போதே பின் நம்பர் மறக்கிற ஆள். எனவே விலை அதிகமான மாத்திரையை ஆசைப்பட்டது வெறும் பகட்டுக்காக அல்ல.

வாய் வறட்சியின் விலையைச் சொல்ல மறந்துவிட்டேன். எச்சில் இல்லாவிட்டால் இட்லிகூடத் தொண்டையில் நிற்கும். பேசிக்கொண்டிருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ‘டக்’ என்று சத்தம் கேட்கும். ஒன்றரை வருஷத்தில் கடைவாயில் இரண்டு பல் சொத்தை. பல் டாக்டருக்கு எழுபது சொச்சம் பவுண்ட். “இனிப்பு அதிகம் சாப்பிடுவீர்களா?” என்று கேட்டார். மாத்திரைப் பெயரைச் சொன்னதும் தலையாட்டினார். இதுவும் வியர்வைக் கணக்கில்தான் ஏற வேண்டும், எந்த விலைப்பட்டியலிலும் ஏறாது.

இப்போதைய ஏற்பாடு இது. ஜிபி மாறிவிட்டார். புதியவர், சின்னப் பெண், மருத்துவமனைக் கடிதத்தைப் படித்துவிட்டு, குறைந்த அளவு ஆக்சிபியூட்டினின் எழுதித் தருகிறார். இதுவும் வியர்வைக்கு உரிமம் இல்லாததுதான், ஆனால் மலிவு, அவருக்குப் பழகிய மருந்து. தினமும் போடுவதில்லை. வாரத்துக்கு இரண்டு ராத்திரி தட்டில் தண்ணீர். கிளைகோபைரோனியம் வருஷத்துக்கு ஒரே ஒரு பெட்டி, என் காசில். இண்டர்வியூ, கல்யாண வரவேற்பு, ஆடிட்டர்கள் வந்து கை குலுக்கும் நாள் ஆகியவற்றுக்கு மட்டும், வெறும் வயிற்றில் ஒன்று. மேஜை டிராயரில் பதினொன்று மிச்சம் இருக்கிறது. அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் “விலை இன்னும் இறங்கேல்ல தம்பி” என்று தன் கடையின் குற்றம் போலச் சொல்லிவிட்டுத்தான் பையை நீட்டுவார்.

போன மாதம் மகனின் வீட்டுப்பாட நோட்டைப் பார்த்தேன். எட்டு வயது. பக்கங்களின் வலது கீழ் மூலை எல்லாம் அலை அலையாக உப்பிப்போய், பென்சில் எழுத்து கலங்கியிருந்தது. தண்ணீர் கொட்டினாயா என்று கேட்கவில்லை. அவன் எழுதுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். ஒவ்வொரு வரி முடிந்ததும் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான், தான் செய்வது தனக்கே தெரியாமல்.

அலமாரியில் இருந்து என் பழைய வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பாதியாக, அப்புறம் நாலாக. மேல் மடிப்பு நனைந்ததும் புரட்டிக்கொள்ளலாம் என்று காட்டினேன்.

“அதுவும் நனைஞ்சா?” என்றான்.

உள்ளே இருப்பதை வெளியே திருப்புவது எப்படி என்று காட்டினேன்.